விரல் நகர்ந்தால் பாடம் ஏறிவிடுமா?

பள்ளிகளுக்குச் செயலி விற்க வருகிறவர்கள் ‘இன்டராக்‌ஷன் டிசைன்’ என்ற சொல்லை அடிக்கடி உதிர்க்கிறார்கள். பொத்தான் எங்கே இருக்க வேண்டும், தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிடும் கலை அது. பில் மாக்ரிட்ஜ், பில் வெர்ப்ளாங்க் என்ற இருவர் 1980களில் வைத்த பெயர். நல்ல கலைதான். ஆனால் அதையே பாடம் நடத்தும் கலை என்று சொல்லி நம் தலையில் கட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பாடத்தைத் திட்டமிடுவதற்கு ‘இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன்’ என்று பெயர். எதை முதலில் சொல்வது, எப்போது பயிற்சி, எப்போது சோதனை என்பதெல்லாம் அதில் வரும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் கான்யே கற்பிப்பதை ஒன்பது படிகளாகப் பிரித்தார். முதல் படி, கவனத்தை இழுப்பது. கடைசிப் படி, படித்தது மனத்தில் தங்கி வேறு இடத்திலும் உதவச் செய்வது. இன்றைய செயலிகள் பல முதல் படியிலேயே உட்கார்ந்து மணி அடித்துக்கொண்டிருக்கின்றன.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த சிலருக்கு அஸ்ஸிமில் புத்தகங்கள் நினைவிருக்கும். அல்ஃபோன்ஸ் ஷெரெல் 1929இல் தொடங்கியது. தினம் ஒரு சிறு பாடம். ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு. ஏழாவது பாடம்தோறும் முந்தைய ஆறையும் திரும்பிப் பார்க்க வேண்டும். பாதி தூரம் போனதும் ‘இரண்டாம் அலை’: முதல் பாடத்துக்கே திரும்பி, பிரெஞ்சை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அரசு வேலைக்கு ஆங்கிலம் தேவைப்பட்டபோது எனக்குச் சோறு போட்டது அந்த ஏற்பாடுதான்.

என் பேத்தி ஒரு செயலியில் இருநூறு நாள் விடாமல் பிரெஞ்சு படித்தாள். ‘உன் ஊர் எது?’ என்று பிரெஞ்சில் கேட்டேன், பதில் வரவில்லை. குழந்தையைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடத்தான் அது பழக்கியிருக்கிறது. பார்த்து அடையாளம் காண்பது வேறு, நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு. இருநூறு நாள் என்பது வருகைப் பதிவேடு. அதில் கையெழுத்துப் போட்டவரெல்லாம் வேலை பார்த்தார் என்று எந்த கிளார்க்காவது நம்புவாரா?

‘திரை குழப்பமாக இருந்தால் நல்ல பாடமும் போய்ச் சேராதே’ என்பார்கள். உண்மை. அரசு விண்ணப்பப் படிவத்தில் கட்டங்கள் தாறுமாறாக இருந்தால் ஜனங்கள் திணறுவார்கள். ஆனால் விதி தெரியாதவர் தயாரித்த படிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும், மனு திரும்பித்தான் வரும். முதலில் விதி, பிறகு கட்டம். பாடத்துக்கும் அதே வரிசைதான்.

உங்கள் பிள்ளையின் பள்ளி செயலிக்குப் பணம் கேட்டால், தலைமை ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதன் பாடவரிசையைத் தாளில் காட்ட முடியுமா? திரையை அணைத்த பிறகு பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும்? பதில் வந்த பிறகு பணம் கட்டலாம்.