லவ் லேனில் யார் தூங்குவது?

பினாங்கு ஜார்ஜ்டவுனின் லவ் லேன், சூலியா ஸ்திரீட் பக்கம் மதுக்கூடங்களின் இரைச்சல் பற்றிய புகார் புதிதல்ல. அங்குள்ள கடைவீடுகள் ஒட்டுச்சுவரால் இணைந்தவை. நடுவில் திறந்த முற்றம், மேலே பலகைத் தளம். பாடகர் குரலைச் சுவர் ஓரளவு தடுக்கும். பேஸ் கிதாரின் அதிர்வோ அடுத்த வீட்டுக் கட்டில் வரை போகும். வழக்கமான டெசிபல்-ஏ அளவீடு இந்தத் தாழ்ந்த ஒலியைக் குறைத்தே காட்டும். 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்ற பதிலால் தூங்காதவருக்கு என்ன பயன்?

வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் நீங்கியபின் பல குடும்பங்கள் வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் நகரம் சேர்ந்தபின் விடுதிகளும் பார்களும் பெருகின. எஞ்சிய குடும்பங்களையும் சத்தத்தால் துரத்திவிட்டு, பயணிகளுக்கு எந்த மரபைக் காட்டுவது?

இசைக்கலைஞர்கள்மேல் பழி போடவும் நமக்கு மனமில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இல் ஒரு விதி கொண்டுவந்தது: பழைய இசைக்கூடத்தின் அருகே வீடு கட்டுபவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும். புதிதாக வருபவர் பொறுப்பு என்பதே அதன் அடிப்படை. லவ் லேனில் புதிதாக வந்தவை பெரும்பாலும் பார்கள்தாம்.

பினாங்கு மாநகர் மன்றம் உரிமம் புதுப்பிக்கும்போதே பேஸ் ஒலிக்குத் தனி வரம்பு விதிக்கட்டும். ஒட்டுச்சுவரில் ஒலிபெருக்கி மாட்டுவதைத் தடுக்கட்டும். அளவெடுப்பு நள்ளிரவில், புகார் செய்தவரின் படுக்கையறையில் நடக்க வேண்டும். காலை 9 மணிக்குக் கருவியோடு வந்தால் காக்கைச் சத்தம்தான் பதிவாகும்.