வீட்டுப் படமும் தூக்க மாத்திரையும்

கொட்டாரத்து வீட்டை விற்கக் கொடுத்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. புரோக்கர் எடுத்த படங்கள் இணையத்தில் கிடக்கின்றன. அரங்கு, பின்வாசல் தாழ்ப்பாள், மனைவியின் மருந்து அலமாரி, எல்லாம்!

அமெரிக்காவிலிருந்து மகன் மெலடோனின் அனுப்பினான். அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்குமாம். இருட்டியதும் மூளையில் பினியல் சுரப்பி தானாகவே சுரப்பதுதான் அது. (ஆன்மாவின் இருப்பிடமே அந்தச் சுரப்பி என்றாராம் தெக்கார்த், பள்ளியில் பிரெஞ்சில் படித்தது.) வெளிச்சம் பட்டால் சுரப்பு குறையும். நானோ நள்ளிரவில் கைப்பேசியைத் திறந்து, என் வீட்டை யார் யார் பார்த்தார்களோ என்று துழாவுகிறேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தார்கள். வீடு விற்பவனுக்கு அது இல்லையா? வாசலும் முற்றமும் படத்தில் போதும். உள்ளே பார்க்க விரும்புகிறவர் நேரில் வரட்டும், காப்பி தருகிறோம். புரோக்கரிடம் இதைச் சொன்னேன். “படம் இல்லாட்டி யாரு சார் வருவா?” என்கிறார். நாளைக்கும் போய்ச் சொல்லப் போகிறேன்.