காசு கொடுத்து ஆள் இறக்குவதா, நம்ம பிள்ளைகளை நிற்க வைப்பதா?



திருவிழாவை ஒட்டி நடக்கும் காற்பந்துக் கிண்ணம் பற்றித்தான் ரெண்டு வாரமாக் கோவிலில் பேச்சு. ஈப்போவிலிருந்து பேர் வாங்கின நாலு ஆட்டக்காரர்களை, ஆளுக்கு 200 வெள்ளி கொடுத்து இறக்கினால் கிண்ணம் திரிங்காப்பை விட்டுப் போகாது என்று சிலர் சொல்கிறார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் தொண்டூழியர்கள் நாங்கள் சிலர் கூடிப் பேசியதில் இது வேண்டாம் என்றே படுகிறது.

நாட்டு அணியையே பாருங்கள். 2025 ஜூன் 10-ல் புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று அடித்தபோது நாம எல்லாரும் துள்ளினோம். செப்டம்பரில் என்ன ஆச்சு? வம்சாவளி ஆட்டக்காரர்கள் என்று சேர்த்த ஏழு பேரின் பத்திரங்கள் போலி என்று சொல்லி, ஆளுக்கு 12 மாதத் தடையும் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் போட்டது ஃபிஃபா. இங்கே யாரும் போலிப் பத்திரம் போடப் போவதில்லை, அது வேற கதை. அவசரத்துக்கு ஆள் சேர்க்கிற புத்தி மட்டும் ஒண்ணுதான்.

நம்ம காலத்து அணி அப்படியா இருந்தது? பின்வரிசையில் சோ சின் ஆன், சந்தோக் சிங், அவர்களுக்குப் பின்னால் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம். வருஷக்கணக்காச் சேர்ந்தே ஆடியவர்கள். ஒருத்தன் எங்கே நகர்வான் என்று மற்றவனுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். 1980-ல் தென் கொரியாவை ஜெயித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது அந்த அணிதான். போகாமல் நின்றது அரசியல்.

"ஐபிஎல்லில் காசு போட்டவன் ஜெயிக்கலையா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஜெயித்திருக்கிறான். 24.75 கோடி ரூபாய்க்கு வாங்கின ஸ்டார்க் 2024-ல் கொல்கத்தாவுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் 27 கோடிக்குப் பந்த்தை வாங்கிய லக்னோ 2025-ல் ஏழாவது இடம். அதே வருஷம் முதல் தடவையாக் கிண்ணம் தூக்கிய பெங்களூரில், 2008-லிருந்து அணி மாறாத கோலி இருந்தார். பழைய ஆட்களை வைத்திருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டோம், சென்னை அந்த வருஷம் கடைசி இடம்!

தொழிற்சாலையில் நாங்கள் தினமும் பார்ப்பதுதான். நேர்காணலில் நன்றாகப் பேசியவன் மூணு மாதத்தில் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுவான். மூணு வருஷம் அதே மெஷினில் நின்றவன் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வான்.

நம்ம பையன்கள் ஏன் நிற்பதில்லை என்று யாராவது கேட்டோமா? பயிற்சி முடியும்போது இருட்டிவிடுகிறது. கம்போங் ராஜாவிலிருந்து வரும் பிள்ளை காய்கறி லோரியைக் கைகாட்டி நிறுத்தித்தான் வீடு போகிறான். மழை பெய்தால் வருவதே இல்லை. ரெண்டு பேருக்குப் பூட்ஸ் கிழிந்துவிட்டது. பதினேழு வயசு ஆனதும் கீழே வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள், அதற்கு நம்மிடம் மருந்து இல்லை. ஆனால் பதினாலு வயசில் நின்றுபோகிறவனை நிறுத்தி வைக்கலாம். தேர் இழுப்பதும் அன்னதானத்தில் பந்தி பரிமாறுவதும் இதே பிள்ளைகள்தான். திடலில் ஈப்போக்காரன் ஆட, இவர்கள் ஓரமாய் உட்கார்ந்து தண்ணீர் போத்தல் எடுத்துக் கொடுப்பதா?

அந்த 800 வெள்ளியை வேன் எண்ணெய்ச் செலவுக்கும் பூட்ஸுக்கும் போடுங்கள் என்று ஞாயிறு கூட்டத்தில் கேட்கப் போகிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் வாருங்கள், காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில். புதன், வெள்ளி சாயங்காலம் வேன் ஓட்டித் தர முடிந்தவர்கள் முன்கூட்டியே கோவில் அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்.