ஷைலக்கும் நம் சுலபமான கண்ணீரும்

'வெனிஸ் வணிகன்' பற்றிப் பேச எழுந்திருக்கும் ஆங்கிலப் பேராசிரியர்கள் தவறாமல் ஒரு காரியம் செய்கிறார்கள். யூதனுக்கும் கண் உண்டு, குத்தினால் அவனுக்கும் ரத்தம் வரும் என்கிற ரீதியில் ஷைலக் அடுக்கிக்கொண்டு போகும் பேச்சை மூன்றாம் அங்கத்திலிருந்து பிய்த்தெடுத்து, ஷேக்ஸ்பியரின் மனிதாபிமானத்துக்கு ஒரு நற்சான்று வழங்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் விமர்சகர்களும் இதையேதான் திருப்பிச் சொல்லி வருகிறார்கள்.

அந்தப் பேச்சு எங்கே போய் முடிகிறது என்பதை இவர்கள் சொல்வதில்லை. மற்ற எல்லாவற்றிலும் உங்களைப் போலிருக்கிற நாங்கள் பழிவாங்குவதிலும் உங்களைப் போலத்தான் இருப்போம் என்று முடிகிறது அது. ஒரு கொலைக்கு அவன் தயார் செய்யும் நியாயம். மனிதாபிமானிகளுக்கு முன்பாதி போதும். யூத வெறுப்பாளர்களுக்குப் பின்பாதி போதும். 1943இல் வியன்னாவின் பூர்க் தியேட்டரில் வெர்னர் க்ரௌஸ் ஷைலக்காக நடித்தபோது நாஜிகளுக்கு இந்த நாடகம் சௌகரியமாகவே இருந்தது. ஒரு பேச்சை நம்பி எந்த நாடகாசிரியனையும் காப்பாற்ற முடியாது.

அப்படியானால் ஷைலக் மேல் நமக்கு இரக்கம் எப்படி வருகிறது? காட்சிகளை அடுக்கியிருக்கும் முறையில் வருகிறது என்பது என் கட்சி.

யூதர்களை இங்கிலாந்து 1290இலேயே வெளியேற்றிவிட்டது. 1596-97 வாக்கில் இந்த நாடகத்தைப் பார்க்க வந்த கூட்டம், யூதன் என்றால் கேலிக்கும் பயத்துக்கும் உரிய ஒரு பொம்மை என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்த கூட்டம். ஷேக்ஸ்பியர் முதலில் அந்தக் கூட்டத்துக்கு வேண்டியதைக் கொடுக்கிறார். மகள் ஜெஸிகா பணத்தோடும் நகையோடும் காதலனுடன் ஓடிப்போனது தெரிந்த நேரத்தில் ஷைலக்கை அவர் மேடைக்குக் கொண்டுவருவதில்லை. மகளுக்காகவும் பணத்துக்காகவும் அவன் தெருவில் கதறியதை சலானியோ என்கிற வெட்டிப்பயல் நடித்துக் காட்டுகிறான். சபை சிரிக்கிறது. அதற்கப்புறம்தான் ஆளே வருகிறான். ஜெஸிகா ஒரு மோதிரத்தைக் கொடுத்துக் குரங்கு வாங்கினாள் என்று தூபால் சொல்ல, கல்யாணத்துக்கு முன் லியா எனக்குக் கொடுத்தது அது என்கிறான் ஷைலக். லியாவைப் பற்றி நாடகத்தில் வேறு பேச்சே இல்லை. சற்று முன் சிரித்தவனுக்கு இப்போது கூச்சம் தட்டுகிறது. ஷேக்ஸ்பியர் உண்டாக்கும் அனுதாபம் இந்தக் கூச்சம்தான்.

இதற்காக அவர் ஷைலக்கைக் கழுவித் துடைக்கவுமில்லை. அதே காட்சியில்தான் அவன், நகைகளோடு மகள் தன் காலடியில் செத்துக் கிடக்க வேண்டும் என்கிறான். 1879இல் லண்டன் லைசியம் தியேட்டரில் ஹென்றி இர்விங்குக்கு இது போதவில்லை. மகள் ஓடிப்போன இரவில் ஷைலக் விளக்கோடு திரும்பி வந்து காலி வீட்டின் கதவைத் தட்டுவதாக ஒரு காட்சியைச் சேர்த்தார். சபை உருகியது. ஷேக்ஸ்பியர் தெரிந்தே மறைத்துவைத்த தகப்பனை இர்விங் வெளிச்சம் போட்டுக் காட்டினார். சிரித்துவிட்டுக் கூசுவதற்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. நம் பேராசிரியர்கள் இன்னும் இர்விங்கின் நாடகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீதிமன்றக் காட்சியில், விலைக்கு வாங்கிய அடிமைகளை நீங்கள் கழுதைகளைப் போல நடத்தவில்லையா என்று ஷைலக் கேட்கிறான். யாரும் பதில் சொல்வதில்லை. டியூக் பேச்சை மாற்றிவிடுகிறார். கடைசியில் கருணை என்ற பெயரில் அவனைக் கிறிஸ்தவனாக மாறச் சொல்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அவன் போய்விடுகிறான். ஐந்தாம் அங்கத்தில் அவன் இல்லை. நிலவு, சங்கீதம், காதலர்கள். அவர்களுக்குள் என்ன சண்டை? மனைவியர் கொடுத்த மோதிரங்களை பஸானியோவும் கிராஷியானோவும் வேறு கைக்குக் கொடுத்துவிட்டார்கள். அது விளையாட்டாக மன்னிக்கப்படுகிறது. ஒரு காடு நிறையக் குரங்குகள் கிடைத்தாலும் லியாவின் மோதிரத்தைக் கொடுத்திருக்கமாட்டேன் என்றவனைத்தான் அந்த ஊர் நாய் என்றது. இதை நாடகத்தில் ஒருவரும் சொல்வதில்லை. பார்க்கிறவனுக்கு ஞாபகம் இருந்தால் உண்டு.

ஒதுக்கப்பட்டவனுக்காக ஒரு கதை எழுத வேண்டுமென்றால் முதலில் அவனை உத்தமனாக்கிவிடுகிறோம். பிறகு கண்ணீர் விடுகிறோம். நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிற இரக்கம் இது. ஷைலக் கெட்டவன், கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்கிறவன். அவனுக்கு இழைத்தது அநியாயம் என்று அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடியாதவர்கள் இந்த நாடகத்தைப் பற்றிப் பேசாமலிருக்கலாம்.