சம்பளம் போனவர் வீட்டில் உலை வைத்தது யார்?

வண்டியூர்ப் பெரியவர்களுக்குப் பர்மா என்பது புதுப் பெயர் அல்ல. இன்று அதற்கு மியான்மர் என்று பெயர். 1960-களில் ரங்கூனில் இருந்து கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. அன்று அவர்களுடைய கடைகளைப் பிடுங்கியதும் ராணுவ ஆட்சிதான்.

2021 பிப்ரவரி 1-ந் தேதி ராணுவம் அங்கே மறுபடியும் ஆட்சியைப் பறித்தது. தேர்தலில் ஜெயித்த ஆங் சான் சூகி கைதானார்.

உடனே என்ன நடந்தது? சர்க்கார் டாக்டர்கள் வேலைக்குப் போகவில்லை. ஆசிரியர்கள் போகவில்லை. ரெயில்வே ஊழியர்களும் போகவில்லை. இரவு 8 மணிக்கு வீடுதோறும் தட்டையும் சட்டியையும் தட்டினார்கள்.

சட்டியைத் தட்டுவது சுலபம். சம்பளம் நின்றால்? ரங்கூனில் ரெயில்வே குடியிருப்புக்குள் ராணுவம் புகுந்தது. குடும்பங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அப்போது அக்கம்பக்கத்தார் அரிசி கொடுத்தார்கள். தங்க இடம் கொடுத்தார்கள். பணம் வசூலித்து அனுப்பினார்கள். ராணுவக் கம்பெனிகளின் சரக்கை மக்கள் வாங்கவில்லை. பலர் மின்சாரக் கட்டணம் கட்டவில்லை.

"நீயும் வேலையை விடு" என்று அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லும் முன், "உன் பிள்ளைகளுக்குச் சோறு உண்டு" என்று சொல்ல வேண்டும். வெறும் வாய்ப்பேச்சை யார் நம்புவார்கள்?

இதனால் மட்டும் ராணுவம் இறங்கிவிடவில்லை. இளைஞர்கள் பலர் துப்பாக்கி எடுத்தார்கள். உள்நாட்டுச் சண்டை மூண்டது. பசி தாங்காமல் வேலைக்குத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களைக் கோழை என்று ஏசலாமா? அவர்கள் வீட்டுக்கு எத்தனை மாதம் அரிசி போயிற்று என்று கேட்டுவிட்டு ஏசட்டும்!

ரேகைச் சட்டம்

மதுரைச் சீமைக்கும் இது தெரியும். வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த குலத்தைப் பார்த்தே ஒருவனைக் குற்றவாளி ஆக்கியது. பிரமலைக் கள்ளர்கள் போலீசில் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் காவலில் படுக்க வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் "ரேகை வைக்க மாட்டோம்" என்றார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஊரே சொல்லிற்று. 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள். குண்டடி பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன இடத்தில் அவர் உயிர் போயிற்று என்று அந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள்.

மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார். அவர் கேரளத்துக்காரர். ஊரார் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தார்கள்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல். ரேகை வைக்க மறுத்தவர்களின் பிள்ளைகள் அதற்குள் பெரியவர்களாகிவிட்டார்கள்.