எங்க ஊருக்குக் 'கடைசி உறைபனி' எப்போ?

போன வருசம் விடுதிக்குப் பின்னால சும்மா கிடந்த துண்டு நிலத்தில தக்காளி வைப்பம் என்று முடிவெடுத்தோம். நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம். எங்களில் மண்வெட்டி பிடித்துப் பழகியவள் ஒருத்திதான், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். மற்ற மூன்று பேருக்கும் யூடியூப்தான் குரு. அவள் சொன்னதைக் கேட்காமல் தோட்டக்கலை ஆப் ஒன்றை இறக்கினோம். அது கேட்ட முதல் கேள்வியே, உங்கள் பகுதியின் கடைசி உறைபனி நாள் எது என்பதுதான். பட்டியலில் இலங்கையே இல்லை. ஏதோ ஓர் இங்கிலாந்து ஊரைத் தட்டிவிட்டோம். மார்ச்சில் சட்டியில் விதை போடு, மே நடுவில் வெளியே நடு என்றது. அச்சொட்டாக அப்படியே செய்தோம். மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டது. இலை கருகி, தண்டு அழுகி, ஒரு காயைக்கூடக் கண்ணில காட்டாமல் எல்லாம் போய்ச்சேர்ந்தது.

பிழை ஆப்பில் இல்லை. குளிர்காலம் பயிரைக் கொல்லும் நாடுகளில் அந்தக் கேள்வி நியாயமானது. பல வருசப் பதிவுகளை வைத்து, வசந்தத்தில் எந்தத் திகதியோடு உறைபனி ஓயும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வரைபடம் 13 வலயங்களாகப் பிரிக்கிறது, கடைசியாக 2023இல் புதுப்பித்தார்கள். அது அளக்கிறது ஒன்றே ஒன்றைத்தான்: வருசத்தின் மிகக் குளிரான இரவு சராசரியாக எவ்வளவு குளிர் என்பதை. மழையைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. எங்கட நாட்டில பயிர் சாகிறது பெரும்பாலும் தண்ணீர் தேங்கி, இல்லாட்டித் தண்ணீர் இல்லாமல்.

எங்களுக்கென்று ஒரு கணக்கு இல்லாமலும் இல்லை. வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுந்தால் ஈரவலயம், 1750க்குக் கீழே என்றால் உலர்வலயம், நடுவில் இடைவலயம். அதை உயரம், மண், மழை விழும் மாதங்கள் எல்லாம் பார்த்து மேலும் உடைத்து 46 விவசாய காலநிலைப் பிரதேசங்களாக வரைந்திருக்கிறார்கள். வலயங்களை நாங்கள் ஓ.எல் பரீட்சைக்குப் பாடமாக்கினோம், பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். அம்மம்மாமார் அதையே மாதப் பெயரில் வைத்திருந்தார்கள், ஆடியில் இது, புரட்டாதியில் அது என்று. கிழங்கையே பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இரவு கொஞ்சமாவது குளிர்வது மார்கழி, தையில்தான், அதனால் மழை தணியத் தணிய நட்டு மாசி, பங்குனியில் கிண்டுவார்கள். எங்கள் தோட்டக்காரிக்கோ அதே தை மாதம்தான் பயம்.

ஏனென்றால் உறைபனி இந்த நாட்டிலும் இருக்கிறது. நுவரெலியா, அம்பேவளை, கந்தப்பளை பக்கங்களில் தை, மாசியில் சில விடியற்காலைகள் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். பேப்பரில் அழகான படம் வரும். கொழும்பிலிருந்து ஆட்கள் செல்பி எடுக்க ஏறுவார்கள். "படத்தில வெள்ளையா இருக்கிறது எங்க கெழங்கு செடி" என்றாள் இவள் ஒருநாள், சிரிக்காமல்.

முகில் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணி மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் சரிவில் உள்ள செடி தப்பும், கீழே ஓடையோரம் உள்ளது கருகும். வெப்பமானியில் மூன்று, நான்கு பாகை காட்டும்போதே தரையோடு ஒட்டிய இலையில் பனி உறைந்துவிடும். கிழங்கு, போஞ்சி, தக்காளி எல்லாம் ஒரே இரவில் போகும். லீக்ஸ், கோவா, கரட் ஓரளவு தாங்கும்.

இனி அவளுடைய லயத்தைப் பாருங்கள். சரிவெல்லாம் தேயிலை. அவள் அம்மாவுக்கு மரக்கறி போடக் கிடைத்தது ஓடையோரப் பள்ளத் துண்டு. கந்தோரில் யாரும் காற்றோட்டம் பார்த்து அதைக் கொடுக்கவில்லை, தேயிலைக்கு ஆகாத இடம் என்றுதான் கொடுத்தார்கள். குளிர் வந்து படுக்கிற இடமும் அதுதான். இரண்டு வருசத்துக்கு முன்னால் கடன் வாங்கி விதைக்கிழங்கு வாங்கினார்கள். காசு கைக்கு வந்ததே கார்த்திகைக் கடைசியில். கிழங்குக்கு மூன்று மாதத்துக்கு மேல் வேணும், ஆகவே பனிக்காலம் முழுக்கச் செடி மண்ணில் நிற்கும். அம்மாவுக்கு அது தெரியாதா? தெரியும். இருட்டோடு எழும்பி, வெயில் விழ முன்னம் தண்ணி தெளித்துப் பனியைக் கழுவிவிட்டு, பிறகு கொழுந்துக்குப் போனார். மூன்று நாள் காப்பாற்றினார். நான்காம் நாள் உடம்புக்கு முடியவில்லை. அந்த விடியலோடு பாத்தி முழுக்கக் கறுத்துப்போனது. கடன் இன்னும் மீதி.

"சரியான காலத்தில் நடுங்கள்" என்ற அறிவுரை வரும்போது எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வருவது இதனால்தான். காலம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தக் காலத்தில் கையில் காசு இருக்கணும். எந்தத் துண்டில் நடுவது என்று தெரிவு செய்யக் காணியும் இருக்கணும். குளிர் எச்சரிக்கை மாவட்டத்துக்கு ஒன்றாக வந்தால் அதை வைத்து என்ன செய்வது? வலப்பனையும் ஹங்குராங்கெத்தவும் நுவரெலியா மாவட்டம்தான், கந்தப்பளையும் அதே மாவட்டம்தான். தோட்டத்து ஆட்களுக்குத் தேவை தங்கள் பள்ளத்துக்கான எச்சரிக்கை. அது முதல்நாள் பின்னேரமே, தமிழில், போனில் வரணும். முகில் இல்லை, காற்று இல்லை, இன்றிரவு மூடி வையுங்கள் என்று நாலு சொல் போதும். அதோடு மரக்கறித் துண்டு பிரிக்கும்போது சரிவிலும் கொஞ்சம் பிரிக்கலாம். காணி பற்றிப் பேசும் மேடைகளில் எத்தனை பேர்ச் என்றுதான் எண்ணுகிறார்கள், எந்த இடத்துப் பேர்ச் என்று கேட்பதைக் காணோம்.

தவறணை என்ற சொல்லால் எங்கள் அறையில் நடந்த சண்டையையும் சொல்லிவிடுகிறோம். "தவறணைக்குப் போய் நாத்து எடுக்கணும்" என்று இவள் சொல்ல, யாழ்ப்பாணத்துக்காரி வாயைப் பிளந்தாள். அவளுக்குத் தவறணை என்றால் கள்ளுக்கடை.

இந்த முறை ஆப் இல்லை. விடுதிப் பாத்திக்குத் தக்காளியை, மழை ஓய்ந்து வெயில் பிடிக்கிற தையில் நடுவதாக இருக்கிறோம். அவள் அம்மா கீழ்த்துண்டில் லீக்ஸ் போட்டுவிட்டார். லயத்துக்குப் பின்னால், கோழிக்கூட்டை நகர்த்திக் கிடைத்த மேட்டில் இரண்டு வரி போஞ்சி. கிழங்கு பங்குனிக்குத்தான், அதுவும் விதைக்குக் காசு சேர்ந்தால்.