நிஞ்ஜாவைப் போனில் படிக்கும் பிள்ளைகளும் நமது சீனடியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்களும் பள்ளிவாசல் நிருவாகிகளும் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

நமது ஆண் பிள்ளைகள் கத்திச் சண்டை படிக்கிறார்கள். படிப்பது போனில். தரம் 7, 8 பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். குனாய் என்றால் என்ன, ஷுரிகன் நட்சத்திரத்தை எப்படி எறிவது, தந்தோ கத்தியைத் தலைகீழாகப் பிடித்தால் என்ன வசதி என்று வரிசையாகச் சொல்வார்கள். நருட்டோ கார்ட்டூனில் பார்த்தது பாதி, ஐந்து நிமிடத்தில் நிஞ்ஜா ஆகலாம் என்ற மாதிரி வீடியோக்கள் மீதி. பால்மா பேணியின் தகர மூடியை வெட்டி நட்சத்திரம் செய்து வகுப்பறைக் கதவில் எறிந்த பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாம் பிடித்திருக்கிறோம். கதவில்தான் பட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஒரு சாண் விலகியிருந்தால் இன்னொரு பிள்ளையின் கண்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? மூடியைப் பறிக்கிறோம், ஏசுகிறோம், வாப்பாவைக் கூப்பிடுகிறோம். வாப்பா வந்து எல்லோர் முன்னிலையிலும் காதைப் பிடித்துத் திருகுகிறார். பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைக்கு ஏன் அந்த ஆசை வந்தது, அதற்கு முறையான வழி ஒன்று ஊரில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

முதலில், அந்த நிஞ்ஜா உண்மையில் யார்? ஜப்பானில் இகா, கோகா என்ற மலைப் பகுதிகளில் இருந்தவர்கள். அவர்களின் முதல் வேலை சண்டை அல்ல, தகவல் திரட்டுவது. வேடம் மாறிப் போவது, கேட்பது, பார்ப்பது, யார் கண்ணிலும் படாமல் உயிரோடு திரும்பி வருவது. கத்தியை எடுக்க வேண்டி வந்தால் போன காரியம் பிழைத்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். கறுப்புத் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு கூரையில் ஓடும் ஆள் நாடக மேடையும் சினிமாவும் செய்த ஆள். 1676இல் தொகுக்கப்பட்ட ‘பன்சென்ஷுகாய்’ என்ற பெரிய நிஞ்ஜா நூல், ஆயுதத்தில் தொடங்கவில்லை. நேரான மனம் பற்றிய பாடத்தை முன்னால் வைத்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போகிறது.

இன்னொன்று. நிஞ்ஜா என்பதில் உள்ள ‘நின்’ என்ற எழுத்தை ஜப்பானியர் எழுதும்போது மேலே கத்தியின் அலகு, கீழே இதயம். அதன் பொருள் மறைந்திருத்தல், பொறுத்துக்கொள்ளுதல். நமது பாஷையில் சபர் என்று சொன்னால் பக்கத்தில் வரும். இதை ஒரு வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். அன்றைக்கு அந்த வகுப்பு இருந்த அமைதி கணிதப் பாடத்துக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

தந்தோ என்பது ஏறக்குறைய ஓர் அடிக்கு உட்பட்ட சிறிய கத்தி. இன்றைக்கு அய்கிடோ, ஜூஜுட்சு, நிஞ்ஜுட்சு வகுப்புகளில் அதைப் பழக்குவது மரக் கத்தியால், அல்லது இறப்பர் கத்தியால். அதற்கும் முன்னால் உகேமி, அதாவது விழப் பழகுவது. அடிபடாமல் விழத் தெரிந்த பிறகுதான் மற்றவை. ஐந்து நிமிட வீடியோவில் இந்தப் பகுதி வராது, விழுவதைப் பார்க்க யாருக்கு ஆசை?

அந்த நாடும் ஆயுதத்துக்குப் பயந்த நாடுதான். 1588இல் ஹிதேயோஷி விவசாயிகளிடமிருந்த வாள்களைப் பறித்தார். 1876இல் சாமுராய்களும் வாள் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. ஆனால் கலையைத் தூக்கி எறியவில்லை. 1882இல் கனோ ஜிகோரோ என்ற ஆசிரியர் பழைய ஜூஜுட்சுவின் ஆபத்தான பிடிகளைப் பிள்ளைகள் பழகும் பாடத்திலிருந்து விலக்கி ஜூடோவை ஆக்கினார். கவனியுங்கள், அவர் ஒரு கல்வியாளர். 2012இலிருந்து அங்கே கனிஷ்ட இடைநிலைப் பாடசாலைகளில் தற்காப்புக் கலை கட்டாய பாடம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1983க்குப் பிறகான சுமார் 30 ஆண்டுகளில் அந்த நாட்டுப் பாடசாலைகளில் ஜூடோவினால் 100க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மௌத்தானார்கள், பெரும்பாலும் தலையில் அடிபட்டு. சரியான மாஸ்டர் இல்லாத இடத்தில் நல்ல கலையும் பிள்ளையைக் கொல்லும்.

இப்போது நமது ஊருக்கு வருவோம். கல்முனை தொடங்கி சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை நமக்கென்று ஒரு கலை இருந்தது: சீனடி, சிலம்படி. அண்ணாவியார் முன்னால் நின்று, அவருக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் கம்பைத் தொட முடியும். மாப்பிள்ளை ஊர்வலத்தில், சுன்னத்துக் கலியாணத்தில், பெருநாளில் நடுத்தெருவில் ஆடினார்கள். மூத்தம்மா வேலிக்குள் நின்று பார்த்தார், பக்கத்து ஊர்த் தமிழ்ச் சகோதரர்களும் வந்து பார்த்தார்கள். அவர்களிடமும் சிலம்பம் உண்டு, குறை நிறை சொல்லத் தெரிந்தவர்கள்.

இந்தக் கலை ஒரே நாளில் போகவில்லை. யுத்த காலம் இரவுப் பயிற்சியை நிறுத்தியது. இளைஞர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போனார்கள். மிஞ்சியவர்கள் ரியூசன் வகுப்புக்குப் போனார்கள். நாம் வேறு, றபான் அடிக்கலாமா கூடாதா என்று வருடக்கணக்கில் சண்டை பிடித்தோம். பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்த்ததையும் அந்தச் சண்டையில் மறந்துவிட்டோம். இன்று சீனடி மிஞ்சியிருப்பது அமைச்சர் வரும்போது மாலைக்கு முன்னால் பத்து நிமிடம் ஆடிக்காட்டுவதற்கு.

பிறகு 2019. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அடுத்து வந்த தேடுதல்களில் வீட்டிலிருந்த வாளுக்கும் கத்திக்கும் நாடு முழுவதும் பலர் கைதானார்கள். மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கச் சொல்லிப் பொலிஸ் அறிவித்தது. குர்பான் கத்தியை வைத்திருப்பதா, கொடுப்பதா என்று தடுமாறிய வீடுகள் எத்தனை! அன்றிலிருந்து பிள்ளை கம்பைக் கையில் எடுத்தாலே உம்மாமாருக்கு நெஞ்சு படபடக்கிறது. “நமக்கு எதுக்கு வம்பு, நம்மட பேரே போதும்” என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதைக் கிண்டல் பண்ண நமக்கு உரிமையில்லை.

ஆனாலும் ஒன்றைக் கேட்கிறோம். அந்த நாட்களில் இந்த நாட்டைக் கெடுத்தது ஒளித்துச் செய்தவர்களின் காரியம். தெருவில் எல்லோரும் பார்க்க ஆடியதை மூடினோம். பிள்ளை தனியாக அறைக்குள், போர்வைக்குள், போனில் படிப்பதை அப்படியே விட்டோம். எது ஆபத்து? பிள்ளையை முகத்துக்கு முகம் தெரிந்த அண்ணாவியார் ஒருவர், கோபம் வந்தால் “கம்பைக் கீழே வை” என்று சொல்வார். தன் சகோதரனை நோக்கி விளையாட்டாகக்கூட ஆயுதத்தை நீட்டக் கூடாது என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளையை அங்கே வைத்துச் சொல்லலாம். யூடியூப் இதையெல்லாம் சொல்லுமா?

கராத்தே வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புபவர்கள் தாராளமாக அனுப்புங்கள். வெள்ளை உடுப்பு, பட்டி, சான்றிதழ் எல்லாம் நல்லதுதான். ஆனால் அதற்குள்ள மதிப்பு சீனடிக்கு ஏன் இல்லை? தமிழ்நாட்டில் சிலம்பத்தை அரசாங்க வேலைக்கான 3 வீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டார்கள். 2024இல் அங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. நாம் இன்னும் அமைச்சருக்கு ஆடிக்காட்டிக்கொண்டிருக்கிறோம்.

நமது யோசனை பெரிய செலவில்லாதது. கிழமைக்கு இரண்டு நாள், அஸருக்குப் பிறகு, பாடசாலை மைதானத்தில். கம்பு மட்டும், அலகுள்ள எதுவும் கிடையாது. முதல் இரண்டு மாதம் மரியாதை செய்வதும், கால் வைப்பதும், விழுவதும்தான். பெயர்ப் பதிவேடு, பெற்றோர் கையொப்பம், முதலுதவி தெரிந்த ஓர் ஆசிரியர். அதிபரின் கடிதத்தோடு பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் முன்கூட்டியே அறிவித்துவிடலாம், முதல் நாள் அவர்களையும் அழைக்கலாம். காரைதீவிலிருந்தோ பாண்டிருப்பிலிருந்தோ ஒரு சிலம்ப ஆசான் வந்து நமது பிள்ளைகளுக்கு ஒரு நாள் பழக்கினால் இன்னும் நல்லது. பெண் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று பெண் ஆசிரியைகள்தான் சொல்ல வேண்டும், அவர்களைக் கேட்காமல் நாம் முடிவெடுக்கப் போவதில்லை.

அவசரம் எதற்கு என்றால், சீனடி முழுமையாகத் தெரிந்த அண்ணாவிமார்களுக்கு இப்போது வயது போய்விட்டது. சிலருக்கு முழங்கால் மடங்காது, கதிரையில் இருந்துதான் சொல்லித் தருவார்கள். அதையாவது வீடியோ எடுத்து வைப்போம். உங்கள் மஹல்லாவில் அப்படி ஒருவர் இருந்தால், அவரது சம்மதத்தைக் கேட்டுவிட்டு, உள்பெட்டியில் அறியத் தாருங்கள். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கருத்துப் பகுதியில் போட வேண்டாம்.